சீமைப் படிப்பும் அரை மார்க்கும்

சென்ற வாரம் ஒரு நாள் மாலை, மதுரை ஜில்லாவைச் சேர்ந்த வாலிபர் ஒருவர் நமது காரியாலயத்துக்கு வந்திருந்தார். இயந்திரப் பொறியியலில் முதல் வகுப்பில் தேறியவர். மேற்படிப்புக்காகச் சீமை செல்லவேண்டுமென்ற விருப்பமுடையவர். உட்கார்ந்ததும் நம் மேஜையின் மீது மூன்று காகிதங்களைப் பரப்பினார். மூன்றும் ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் இங்கிலீஷ் பரீட்சையின் மார்க்குப் பத்திரங்கள். கடைசிப் பத்திரத்தில் கேட்டலுக்கு 7.5, வாசித்தலுக்கு 7, பேச்சுக்கு 6.5, எழுத்துக்கு 6. மொத்தத்தில் 7 என்று கண்டிருந்தது. முந்திய இரண்டிலும் எழுத்துக்கு அதே 6 தான். அவரைச் சேர்த்துக்கொள்ள இசைந்திருக்கும் இங்கிலாந்துச் சர்வகலாசாலையோ நான்கு பகுதிகளில் எதிலும் 6.5க்குக் குறையலாகாது என்று நிபந்தனை விதித்திருக்கிறது. குறைவது அரை மார்க்கு. அந்த அரை மார்க்கைத் தேடி அவர் இதுவரை பரீட்சைக் கட்டணமாக மாத்திரம் ஐம்பதினாயிரம் ரூபாய்க்குமேல் செலுத்தியிருக்கிறார். பயிற்சி நிலையத்துக்குக் கொடுத்தது வேறு. தகப்பனார் இரண்டு ஏக்கர் நஞ்சையை ஈடு வைத்திருக்கிறாராம்.

அவர் நம்மிடம் வேண்டியது ஒன்றே. "ஐயா, இந்தப் பரீட்சையைக் கண்டித்துத் தாங்கள் எழுதவேண்டும். 1947லேயே அவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். இன்னமும் நமக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று நம்மிடமே பணம் வாங்கிக்கொண்டு பரீட்சை வைப்பதா?" என்றார். கேள்வியில் நியாயமில்லையென்று சொல்வதற்கில்லை. ஆயினும், கண்டிக்கப்பட வேண்டியவர் யார் என்பதை விசாரித்தறிந்த பின்னரே எழுதுவது என்று தீர்மானித்தோம். விசாரித்ததில் கண்டதை நேயர்கள் முன் வைக்கிறோம். அது முழுவதும் அந்த வாலிபர் எதிர்பார்த்தபடி இராது.

அந்நிய நாட்டாரின் இங்கிலீஷைச் சோதிக்கும் வழக்கம் புதிதன்று. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையார் 1913ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு பரீட்சையை ஏற்படுத்தினர். பன்னிரண்டு மணி நேரப் பரீட்சை. கட்டணம் 3 பவுன். முதல் வருஷம் எழுத வந்தவர் மூவர், தேறியவர் ஒருவருமில்லை. பின்னர் அமெரிக்கர்கள் 1964ல் டோஃபெல் என்னும் பரீட்சையை நடத்தத் தொடங்கினர். பிரிட்டிஷ் கவுன்ஸிலும் கேம்பிரிட்ஜும் 1980ல் தாமும் ஒன்றை வகுத்து, ஆஸ்திரேலியரும் சேர்ந்துகொண்டபின் 1989 முதல் அதனை ஐ.இ.எல்.டி.எஸ். என்ற பெயரால் நடத்தி வருகின்றனர். நம் பிள்ளைகள் வாய்வழக்கில் 'ஐயெல்ட்ஸ்' என்பது இதனையே. மூவர் எழுதிய காலம் போய், லக்ஷக்கணக்கானோர் எழுதும் காலம் வந்துவிட்டது. அமெரிக்கக் கலாசாலைகளில் மாத்திரம் 2023-24 கல்வியாண்டில் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தனர். சீன மாணவரைக் காட்டிலும் அதிகம். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா சென்றவர் தனி. இத்தனை பேரில் மிகப் பெரும்பாலோர் ஏதேனும் ஓர் இங்கிலீஷ் பரீட்சையின் வாசலைத் தாண்டித்தான் சென்றிருக்கவேண்டும்.

வாசல் என்றால் சுங்கமும் உண்டு. இந்தப் பரீட்சைக்கு நம் நாட்டில் கட்டணம் 17,000 ரூபாய்க்கு மேலாகிறது. கிடைக்கும் பத்திரம் இரண்டு வருஷத்துக்கே செல்லும். மூன்றாம் வருஷம் அவனுக்கு இங்கிலீஷ் மறந்துபோகும் போலும்! நம் நாட்டில் இப்பரீட்சையை நடத்தும் வியாபாரத்தைப் பிரிட்டிஷ் கவுன்ஸில் 2021ஆம் ஆண்டில் ஐ.டி.பி. என்ற ஆஸ்திரேலியக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. விலை 13 கோடி பவுன். பிறந்த ஊரை விட்டுப் படிக்கப் போகவேண்டும் என்று நம் வாலிபர்கள் கொண்டிருக்கும் ஆசைக்குச் சந்தையில் இட்ட மதிப்பு அது என்று கொள்ளலாம். கும்பினியார் காலத்தில் மிளகையும் துணியையும் விலை பேசியதை நாம் சரித்திரத்தில் படித்திருக்கிறோம்.

இன்னொரு மனக்குறை. பிரிட்டிஷ் சர்க்கார் தம் நாட்டுக்குப் படிக்க வருவோரில் எந்தெந்தத் தேசத்தார் இங்கிலீஷ் பரீட்சை கொடுக்க வேண்டியதில்லை என்று ஒரு ஜாபிதா வைத்திருக்கின்றனர். அதில் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா இருப்பது ஆச்சரியமன்று. ஜமெய்க்கா, டிரினிடாட், கயானா, மால்டா ஆகியவையும் இருக்கின்றன. இந்தியா இல்லை. நமது சுப்ரீம் கோர்ட்டும் ஹைகோர்ட்டுகளும் இங்கிலீஷிலேயே நீதி வழங்கவேண்டுமென்று நமது அரசியல் சாசனத்தின் 348ஆவது ஷரத்து கூறுகிறது. நம் கலாசாலைகளில் விஞ்ஞானமும் வைத்தியமும் அந்தப் பாஷையிலேயே நடக்கின்றன. ஆனாலும் நாம் ஜாபிதாவில் இல்லை. அநேகர் இதை அவமானமாகக் கருதுகின்றனர். நமக்கோ அதில் ஒரு சிறு சந்தோஷமே உண்டாகிறது. இந்தியர்களின் தாய்பாஷை இங்கிலீஷ் அன்று என்னும் உண்மையை நம்மவரில் சிலர் மறந்தபோதிலும் லண்டன்காரர் மறவாதிருக்கின்றனரே! எனினும் பன்னிரண்டு, பதினாறு வருஷம் அந்தப் பாஷையிலேயே படித்துத் தேறியவனுக்கு அந்தப் படிப்பை ஓர் அத்தாட்சியாகக் கொள்ளாதது நியாயமன்று. 2025 ஜூலையில் பிரிட்டனோடு வர்த்தக உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. விஸ்கிக்கும் மோட்டார் வண்டிக்கும் வரி எத்தனை என்று வரிசையாகப் பேசி முடித்த நமது சர்க்கார், மாணவர்களுடைய கலாசாலைப் பத்திரத்துக்கு மதிப்பு எத்தனை என்பதையும் இனிப் பேசவேண்டுமென்று கேட்பது தகும்.

இங்கே வாலிபர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பட்டப்படிப்புக்குச் சேர்வோரின் இங்கிலீஷைச் சர்வகலாசாலையே மதிப்பிட்டுக்கொள்ளப் பிரிட்டனில் விதி இடங்கொடுக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய இங்கிலீஷ் மார்க்கையே போதுமென்று ஏற்கும் சர்வகலாசாலைகளும் அங்கே பல உள. இதனைத் தரகர்கள் எல்லோரும் எடுத்துச் சொல்வதில்லை. பணம் கட்டுமுன் சர்வகலாசாலைக்கே நேரில் எழுதிக் கேட்பது நலம்.

இதுவரை அந்த வாலிபரின் கக்ஷியையே பேசினோம். இனி மறுபுறத்தையும் பார்க்கவேண்டும். பரீட்சை உண்மையில் எதைக் கேட்கிறது?

கேட்டலுக்கு 30 நிமிஷம். வாசித்தலுக்கும் எழுத்துக்கும் ஒவ்வொரு மணி. பேச்சுக்கு 11 முதல் 14 நிமிஷம். ஒவ்வொன்றுக்கும் 9 வரை மார்க்கு. கேட்டலில் ஒரு தடவைதான் ஒலிபரப்புவார்கள், தவறவிட்டது தவறவிட்டதே. வாசித்தலில் நாற்பது வினாக்கள். அவற்றில் நம்மவரைப் பெரிதும் தடுமாற வைக்கும் ஒருவகை உண்டு. ஒரு கூற்றைக் கொடுத்து, கட்டுரையின்படி அது சரியா, தவறா, அல்லது கட்டுரையில் அதைப்பற்றி ஒன்றும் கூறப்படவில்லையா என்று கேட்கிறார்கள். மூன்றாவது விடையில்தான் நம் பிள்ளைகள் கால் வழுக்குகின்றனர். தேனீக்களைப் பற்றிய கட்டுரையென்றால், தேனீயைப்பற்றித் தாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததையெல்லாம் கொண்டுவந்து அதன் மேல் வைத்து, கட்டுரை சொல்லாததைச் சொன்னதாகக் கொள்ளுகின்றனர். எழுதியவன் சொன்னது இவ்வளவு, அவன் மறுத்தது இவ்வளவு, அவன் பேசாதிருந்தது இவ்வளவு என்று பிரித்தறிவது வெறும் பாஷா ஞானமன்று; அது விவேகம். பத்திரிகை படிப்போரில் எத்தனை பேருக்கு இது கைகூடியிருக்கிறதென்பதை, தலையங்கம் எழுதிவிட்டு மறுநாள் வரும் கடிதங்களைப் படிக்கும் நாம் நன்கறிவோம். எதிர்க்கக்ஷிப் பிரசங்கியின் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து அவர் கூறாததற்கெல்லாம் பதில் கூறும் தேசத்தொண்டர்களும் இந்த மூன்றாவது விடையைக் கொஞ்சம் பழகினால் நன்று.

எழுத்துப் பகுதியில் இரண்டு வினாக்கள். முதலாவதற்குக் குறைந்தது 150 வார்த்தை. இரண்டாவது 250 வார்த்தைக்குக் குறையாத வியாசம். அதற்கே இரட்டிப்பு மதிப்பு. மார்க்கு நான்கு கூறாகப் பிரித்து அளிக்கப்படுகிறது: கேட்ட கேள்விக்கு நேரே விடை சொல்லியிருக்கிறதா, கருத்துக்கள் ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றனவா, சொல்வளம் எத்தகையது, இலக்கணம் எத்தகையது என்பவை. நான்குக்கும் சமமான பங்கு. ஆகவே பாதி மார்க்கு இங்கிலீஷுக்காக. மற்றப் பாதி, ஒரு விஷயத்தைப்பற்றித் தனக்கென்று ஓர் அபிப்பிராயம் இருந்து அதனை முறையாகச் சொல்லுவதற்காக என்று கூறலாம்.

நம் வாலிபர் தாம் பயிற்சிக்காக எழுதிய வியாசங்களையும் கொண்டுவந்திருந்தார். ஒன்றை எடுத்துப் படித்தோம். சர்க்கார் புது ரஸ்தாக்கள் போடுவதில் பணத்தைச் செலவிடவேண்டுமா, பொது வண்டிகளை அதிகப்படுத்துவதிலா என்பது கேள்வி. முதல் வாக்கியம், இந்த நவீன யுகத்தில் இது அறிஞர்களிடையே பெரிதும் விவாதிக்கப்பட்டு வரும் விஷயம் என்பது. இன்னொரு வியாசத்தை எடுத்தோம். அது சிறைச்சாலைகளைப் பற்றியது. முதல் வாக்கியம் அதுவே. மூன்றாவது, குழந்தைகள் டெலிபோனில் பொழுது போக்குவதைப் பற்றியது; முதல் வாக்கியத்தில் அதே அறிஞர்கள் விவாதித்துக்கொண்டிருந்தனர். பயிற்சி நிலையத்தில் இப்படி நாற்பது வாக்கியங்களை நெட்டுருப் போடச் செய்து, கேள்வி எதுவாயினும் நடுவே இரண்டு வார்த்தையை மாற்றிக்கொள் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இலக்கணப் பிழை மிகக் குறைவு. ஆனால் வியாசம் முழுவதையும் படித்து முடித்த பிறகும், இவருக்கு ரஸ்தா வேண்டுமா வண்டி வேண்டுமா என்பது நமக்குத் தெரியவில்லை.

"தங்களுடைய அபிப்பிராயந்தான் என்ன?" என்று தமிழில் கேட்டோம். சற்று நேரம் விழித்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். தம் ஊருக்குக் காலை ஏழு மணிக்கு ஒரு பஸ், மாலை ஆறுக்கு ஒரு பஸ். ரஸ்தாவை இருமடங்கு அகலமாக்கி நான்கு வருஷமாகிறது, அதில் மோட்டார் வைத்திருப்போர் வேகமாகப் போகிறார்கள், பஸ் மாத்திரம் இரண்டுக்கு மேல் வரவில்லை. ஏழு மணிப் பஸ்ஸைத் தவறவிட்டால் பள்ளிக்கூடம் போகும் வழியில்லையென்று தம் தங்கையோடு படித்த இரு பெண்கள் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டனர். 2021ல் சாதாரணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அரசாங்கம் உத்தரவிட்டபின் தம் தாயார் யாரையும் காசு கேளாமல் தாமே சந்தைக்குப் போய்வருகிறார். ஆதலின் ரஸ்தா முக்கியமென்றாலும், அதில் ஓடும் வண்டி அதைக்காட்டிலும் முக்கியம் என்பது தம் எண்ணம் என்றார். ஐந்து நிமிஷம் தடையின்றிப் பேசினார். "இதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டோம். "இதையெல்லாம் எழுதலாமா, ஐயா?" என்றார்.

இந்தக் கேள்வி நம்மைத் துணுக்குறச் செய்தது. பதினாறு வருஷம் படித்த ஒரு வாலிபர், தாம் கண்ணால் கண்டதைப் பரீட்சைத் தாளில் எழுதலாமா என்று கேட்கிறார். இவரை இப்படிக் கேட்கும்படி செய்தது லண்டனுமன்று, ஆஸ்திரேலியக் கம்பெனியுமன்று. பரீட்சை வைப்போரின் விதிப்படி, நெட்டுருப் போட்டது என்று கண்டால் மார்க்கைக் குறைக்கவேண்டும். சொந்த அனுபவத்திலிருந்து உதாரணம் காட்டலாம் என்று வினாத்தாளிலேயே எழுதியிருக்கிறது. நெட்டுருப் போடு என்று கற்பித்தவர்கள் நாம்.

நம் பள்ளிக்கூடங்களில் நடப்பது என்ன? பொதுப் பரீட்சையில் வரக்கூடிய பத்து வியாசங்களைத் தேர்ந்தெடுத்து உபாத்தியாயர் குறிப்புக் கொடுப்பார். பிள்ளைகள் உருப்போட்டு அப்படியே எழுதுவார்கள். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசாமலே இங்கிலீஷில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிவிடலாம். இது இங்கிலீஷுக்கு மாத்திரம் வந்த வியாதி என்று எண்ணவேண்டாம். தமிழ் வியாசமும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று அச்சில் வார்த்தாற்போல் வருகிறது. தமிழிலும் அவனுடைய சொந்த அபிப்பிராயத்தை ஒருவரும் கேட்டதில்லை. தன் பாஷையில் ஓர் எண்ணத்தை நான்கு வாக்கியமாகக் கோத்துப் பழகாதவன், அந்நிய பாஷையில் நாற்பது நிமிஷத்தில் அதைச் செய்ய முடியாதது இயல்பே. பயிற்சி நிலையத்தார் இந்தக் குறையைத் தீர்க்காமல், அதன்மேல் ஒரு சாயம் பூசுகிறார்கள். சாயத்துக்கு 6 வரையில் மார்க்கு வருகிறது, அதற்குமேல் வருவதில்லை.

பேச்சுப் பகுதியும் இவ்வாறே. ஒரு சீட்டைக் கொடுத்து, ஒரு நிமிஷம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிஷம் வரை பேசச் சொல்லுகிறார்கள். நீ சந்தித்த முதியவர் ஒருவரைப் பற்றிச் சொல், நீ பழுது பார்த்த பொருள் ஒன்றைப் பற்றிச் சொல் என்பன போன்ற எளிய விஷயங்கள். நம் பிள்ளைகள் பயப்படுவது உச்சரிப்பைப் பற்றி. வெள்ளைக்காரனைப்போல நாக்கை வளைக்க வேண்டுமென்று எண்ணி, வளைத்து, வார்த்தையை விழுங்கிவிடுகிறார்கள். அப்படி வளைக்கவேண்டியதில்லை. தமிழன் தமிழனுடைய தொனியிலேயே பேசலாம். கேட்பவனுக்குத் தெளிவாக விளங்கவேண்டும், அவ்வளவே. முதியவரைப் பற்றிப் பேசச் சொன்னால், நம் ஊரில் பாட்டனார் இல்லாத வீடு எது?

இவ்விஷயத்தை யோசிக்கும்போது சீனிவாச ராமானுஜனின் ஞாபகம் வராமலிராது. அவர் 1904ல் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிக் கிடந்து, இங்கிலீஷ் வியாசத்தில் தேறாமற் போய், அந்தச் சம்பளத்தை இழந்தார். பின்னர்ச் சென்னையில் படித்தும் எப்.ஏ. தேறவில்லை. அதே மனிதர், சென்னைத் துறைமுக டிரஸ்டு காரியாலயத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, 1913 ஜனவரி 16ஆந் தேதி கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதுவும் இங்கிலீஷில் எழுதியதே. அதை எழுத நண்பர்கள் துணை செய்தனர் என்பாரும் உளர், இருக்கலாம். தாம் யார், தாம் கண்டது என்ன என்பதை அந்தக் கடிதம் நேராகச் சொல்லிற்று. 1914ல் அவர் கப்பலேறினார். 1918ல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். கேம்பிரிட்ஜார் அந்நியருக்கு இங்கிலீஷ் பரீட்சை தொடங்கிய அதே 1913ஆம் ஆண்டில் அவர்கள் கைக்கு இந்தக் கடிதமும் போய்ச் சேர்ந்தது ஒரு விசித்திரம். ராமானுஜன் அந்தப் பரீட்சைக்குப் போயிருந்தால் நான்காவதாகத் தவறியவராயிருப்பாரோ என்னவோ! எல்லோரும் ராமானுஜன் அல்லர் என்பது நமக்குத் தெரியாததன்று. சொல்வதற்கு விஷயம் இருந்தால் பாஷை பின்னே வந்து சேரும் என்பதற்காகவே கூறினோம்.

குறுக்கு வழியில் நம்பிக்கை வைப்போர் 2014ஆம் வருஷம் பிரிட்டனில் நடந்ததை அறிவது நல்லது. அமெரிக்க ஸ்தாபனமொன்று நடத்திய டோயிக் என்னும் இங்கிலீஷ் பரீட்சையில், லண்டனில் சில நிலையங்களில் ஆள் மாறாட்டம் நடப்பதையும் விடைகளை உரக்கப் படித்துச் சொல்வதையும் அவ்வாண்டு பிப்ரவரியில் பி.பி.ஸி.யார் மறைவாகப் படம் பிடித்து வெளியிட்டனர். உடனே அந்த ஸ்தாபனம் தன் பழைய ஒலிப்பதிவுகளைச் சோதித்து, பிரிட்டனில் நடந்த 58,000க்கு மேற்பட்ட பரீட்சைகளில் நூற்றுக்கு 97 சந்தேகத்துக்குரியவை என்று பட்டியல் கொடுத்துவிட்டது. குற்றவாளிக்கும் நிரபராதிக்கும் வித்தியாசம் பாராமல் ஆயிரக்கணக்கான மாணவர்களின் விஸா ரத்தாயிற்று. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய நாட்டுப் பிள்ளைகள் பலர் அதில் அகப்பட்டனர். இங்கிலீஷில் சரளமாகப் பேசக்கூடியவர்களும், நாங்கள் நேர்மையாக எழுதினோம் என்று கோர்ட்டுக் கோர்ட்டாக ஏறி, படிப்பும் போய், பணமும் போய், ஊர் திரும்ப முகமும் இல்லாமல் வருஷக்கணக்காக அல்லலுற்றனர். சிலர் வென்றனர். அந்த நாட்டுத் தணிக்கை அதிகாரிகளே 2019ல் வெளியிட்ட அறிக்கையில், நிரபராதிகளும் தண்டிக்கப்பட்டிருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டனர். பத்துப் பேர் செய்த மோசடியின் சுமையை நூறு பேர் தலையில் ஏற்றுவது அதிகாரத்தின் பழைய வழக்கம். ஆனால் அந்தப் பத்துப் பேர் நம் வாலிபர்களிடத்தில் பணம் பறித்த நம்மவராகவும் இருந்தார்கள் என்பதை மறைப்பதில் பயனில்லை.

பஞ்சாபில் இந்த மோகம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. கனடா தேசத்தார் ஒவ்வொரு பகுதியிலும் 6 வாங்கியவர்களுக்கு விரைவாக விஸா அளிக்கும் ஏற்பாடு ஒன்று வைத்திருந்த காலத்தில், அங்கே சிறு பட்டணங்களிலெல்லாம் மளிகைக் கடைபோலப் பயிற்சி நிலையங்கள் முளைத்தன. வரன் தேடும் விளம்பரங்களில் குலம், கோத்திரத்தோடு பெண்ணின் ஐயெல்ட்ஸ் மார்க்கும் சேர்ந்தது. பெண் பரீட்சையில் தேறியிருந்தால் பிள்ளை வீட்டார் அவளுடைய படிப்புச் செலவை ஏற்று, அவள் மூலமாகத் தம் பிள்ளையைக் கடல் கடத்துவது என்ற ஒப்பந்தக் கலியாணங்கள் நடந்தன. சில கலியாணங்கள் போலீஸ் ஸ்டேஷனில் முடிந்தன. 2024 நவம்பர் 8ஆந் தேதி கனடா சர்க்கார் அந்த ஏற்பாட்டையே ரத்து செய்துவிட்டனர். அந்த வழியையே நம்பியிருந்தவர்கள் வேறு வழி தேடவேண்டியதாயிற்று. அந்நியன் கதவைத் திறப்பதும் மூடுவதும் அவனுடைய சௌகரியத்தைப் பொறுத்தது. மார்க்குப் பத்திரம் ஒன்றையே சொத்தாகக் கருதி நிலத்தை ஈடு வைக்கும் தகப்பன்மார் இதனை யோசிக்க வேண்டுகிறோம்.

படிக்கப் போகவேண்டாமென்று நாம் கூறவில்லை. கடல் கடந்தால் தோஷம் என்ற காலத்தையும் எதிர்த்துப் பேசிய பத்திரிகைகளின் வழி வந்தவர்கள் நாம். போகட்டும், கற்கட்டும். தாட்கோ வாயிலாக ஆதிதிராவிட, பழங்குடி வாலிபர்களுக்கு இந்தப் பரீட்சைப் பயிற்சியை இலவசமாக அளிக்க நமது மாகாண அரசாங்கம் முன்வந்திருப்பதை மனமார வரவேற்கிறோம். ஈடு வைக்கவும் நிலமில்லாத குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்தப் பயிற்சியும் நாற்பது வாக்கியங்களை உருப்போடும் பயிற்சியாகிவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். அரசாங்கக் கலாசாலை ஒவ்வொன்றிலும் வாரத்தில் ஒரு மணி நேரம், அன்றைய பத்திரிகைச் செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு, முதலில் தமிழிலும் பின்னர் இங்கிலீஷிலும் மாணவர்கள் எழுந்து நின்று வாதிக்கும்படி செய்தால், செலவு ஒன்றுமில்லை. உபாத்தியாயர் குறுக்கே பேசாதிருந்தால் போதும். இதைத் தேசிய வாலிபர் சங்கங்களும் தத்தம் வாசகசாலைகளில் மாலை வேளையில் நடத்தலாம். நோட்டுப் புத்தகம் பார்த்துப் படிக்கக்கூடாது என்று மாத்திரம் ஒரு விதி செய்துகொள்ளவேண்டும்.

நம்மிடம் வந்த வாலிபரை அன்று காரியாலயத்திலேயே ஒரு மூலையில் உட்காரவைத்து, பஸ்ஸைப் பற்றிச் சொன்னதையெல்லாம் தமிழில் எழுதச் சொன்னோம். எழுதினார். பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு அதனையே இங்கிலீஷில் எழுதினார். 43 நிமிஷமாயிற்று, பரீட்சையில் அந்த வினாவுக்குத் தக்கது 40. வார்த்தைகளை எண்ணினோம், 271. இலக்கணப் பிழைகள் முந்திய வியாசங்களைவிட நாலைந்து அதிகமாகவே இருந்தன. அறிஞர்கள் யாரும் அதில் விவாதிக்கவில்லை. பத்தாம் வகுப்போடு நின்ற இரண்டு பெண்கள் இருந்தனர். "இதற்கு 6.5 வருமா, ஐயா?" என்று கேட்டார். நாம் பரீட்சகரல்லோம், சொல்ல இயலாது என்று உண்மையைக் கூறினோம். மூன்று நிமிஷத்தைக் குறைக்கவேண்டும் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, இரண்டு தாள்களையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். அடுத்த மாதம் பதினான்காந் தேதி அவருக்குப் பரீட்சை.